தேவேந்திரனின் மிதவை

மீஞ்சூர் கடையில் அந்த டிவிக்கு முன்னால் என் வீட்டுக்காரர் தேவேந்திரன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். திரையில் ஒரு பவளப்பாறை. அதன் சந்துகளில் மஞ்சளும் நீலமுமாக மீன்கள் நுழைந்து வெளியே வந்துகொண்டிருந்தன. பிறந்ததிலிருந்து பழவேற்காட்டு ஏரியிலும் கடலிலும் மீன் பிடித்தவர். ஆனால் மீன் தண்ணீருக்குள் எப்படிப் பிழைக்கிறது என்று அவர் பார்த்ததில்லை. எங்கள் ஏரித் தண்ணீர் கலங்கல். மீன் என்றால் வலையில் துள்ளும்போதுதான் எங்களுக்கு அறிமுகம்.

எங்கள் மகள் நந்தினி, வீட்டு அளவுக்குச் சின்னதாக ஒன்று பார்த்து வைத்திருந்தாள். விற்பனையாளர், இந்தப் பெரிய திரையில் கறுப்பு நிஜக் கறுப்பாகவே தெரியும் என்று ஏதேதோ விளக்கினார். இவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நிலா எழும்புவதற்கு முன்னால் கடல் இருக்கிறதே, அந்தக் கறுப்பா? விற்பனையாளர் ஆமாம் என்றார். அந்த வருடம் இறால் கைகொடுத்திருந்தது. ஐந்து ஸ்பீக்கரும், இடி மாதிரி அடித்தொண்டைச் சத்தத்துக்கென்று ஒரு பெரிய வூஃபரும் சேர்த்தே வாங்கிவிட்டார்.

வீட்டில் மாட்டிப் போட்டதும் செய்தி வந்தது, சீரியல் வந்தது. மீன் வரவில்லை. இவர் எல்லாப் பட்டனையும் அழுத்திப் பார்த்தார். மறுநாள் முதல் பஸ்ஸில் மீஞ்சூர் போய், டிவியை என் தலையில் கட்டிவிட்டு மீனை நீங்களே வைத்துக்கொண்டீர்களே என்று கடையில் சண்டை போட்டிருக்கிறார். அவர்கள் சிரித்து முடித்து, கடையில் காட்டும் அந்தப் படத்தை ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தார்கள். அதைச் சட்டைப் பையில் போட்டு, பைக்குள் கையை விட்டுப் பிடித்தபடியே எங்கள் ஊர் கோட்டைக்குப்பம் வரைக்கும் வந்தார்.

உப்புக்காற்றுக்கு எங்கள் ஊரில் ஆணிகூடத் தாங்காது. வூஃபர் துருப்பிடித்துவிடும் என்று பயந்து, அதை மீன் ஐஸ் வைக்கும் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார். அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் இடி இடித்தால் குடத்துக்குள் யாரோ இருமுவது போல இருக்கும். சர்வீஸுக்கு வந்தவர் பெட்டியைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். இவர் மூடியைத் திறக்க விடவில்லை. கேட்கிறவன் நான், எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது என்றார்.

தெருவின் எட்டு வீடும் எங்கள் வீட்டில்தான். ஒருவருக்கு கிரிக்கெட், ஒருவருக்கு சீரியல். ரிமோட்டைப் பிடுங்கும் அளவுக்குச் சண்டை வந்தபோது, இவர் டிவிக்கும் பாடு போட்டார். ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை விடுவது என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு விழுந்தவன் அன்றைக்கு அந்த இடத்துக்கு ராஜா. மற்றவர்கள் வலையை ஓரம் கட்டிவிட்டு இருக்க வேண்டும். அதேபோல எட்டு வீட்டுக்கும் எட்டு மிதவை, வலையில் கட்டுவது, ஒவ்வொன்றிலும் ஒரு அடையாளம். பானையில் போட்டுக் குலுக்கி, வரும் வரிசைப்படி ஆளுக்கு ஒரு சாயங்காலம். எங்கள் மிதவைக்கு நீலக் கோடு.

எங்கள் முறை வரும்போதெல்லாம் அந்த மீன் படம்தான். நானும் எத்தனையோ முறை பழைய பாட்டுப் படம் ஒன்று போடச் சொல்லியிருக்கிறேன்.

"பாடு யாரு பேர்ல?" என்பார்.

ஒவ்வொரு மீனுக்கும் ஒரு கருத்து வைத்திருப்பார். இது முள் அதிகம், இது வறுவலுக்கு ஆகும், இது பார்க்க மட்டும்தான், சில மனுஷங்க மாதிரி. ஆமை ஒன்று மெதுவாக வரும் இடத்தில் தூங்கிவிடுவார். குறட்டை கேட்டதும் நான் அணைத்துவிடுவேன்.

போன கார்த்திகையில் கரையில் வலை மடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

கருமாதி வரைக்கும் டிவியை அவருடைய வேட்டியால் மூடி வைத்திருந்தேன். அதற்குப் பிறகும் எடுக்கத் தோன்றவில்லை. பொங்கல் கழிந்து ஒரு சாயங்காலம், தெருக்காரர்கள் தயங்கித் தயங்கி வாசலில் கூடினார்கள். பானையைப் பார்த்துக்கொள்பவர் பொன்னுரங்கம், என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன். மிதவைகளைத் துடைத்து ஒவ்வொன்றாகப் பானையில் போட்டார். நீலக் கோடு போட்டதை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"கோச்சிக்காதீங்க அண்ணி. ஏரியில எப்படியோ டிவிக்கும் அப்படித்தான்னு அண்ணன்தான் சொல்லிச்சு. நான் இன்னா பண்றது?"

எனக்குப் புரிந்தது. ஏரியில் பாடு ஆண் பேரில்தான். ஆள் போய்விட்டால் மகன் எடுத்துக்கொள்வான். மகன் இல்லாத வீட்டின் மிதவை பானையை விட்டு வெளியே போய்விடும்.

"என் வூட்ல, என் டிவில, எனக்கு மட்டும் ஒரு நாள் இல்ல. அதானே?" என்றேன்.

எல்லா நாளும் நான் பார்க்கலாம், என்ன போடுவது என்று சொல்வதுதான் முடியாது என்று அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். நினைத்தால் நானே எந்த நேரமும் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்; எனக்கு வேண்டியது அதுவல்ல. எட்டு மிதவை குலுங்குகிற பானையில் ஏழு குலுங்கினால், இந்தத் தெருவில் தேவேந்திரன் என்று ஒரு வீடு இல்லையென்று ஆகிவிடும். அதை மட்டும் என்னால் பொறுக்க முடியாது.

பக்கத்து வீட்டுச் செல்வம்மாள் அக்கா வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"டேய் பொன்னுரங்கம். ஏரியில பொம்பளைக்குப் பாடு இல்ல, சரி. டிவி இன்னா தண்ணியிலயா கீது?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"இன்னிக்கு இதைக் கேப்பீங்க. நாளைக்கு ஏரியிலயும் கேப்பீங்க" என்றார் பொன்னுரங்கம்.

"அதை நாளைக்குக் கேக்கறோம். இன்னிக்கு டிவி" என்றார் அக்கா.

பொன்னுரங்கம் தலையைச் சொறிந்தார். அவருக்கும் மிதவையை ஒதுக்க மனசில்லைதான், அண்ணன் சொன்ன சொல்லைத் தாண்டவும் பயம். நான் அவர் உள்ளங்கையிலிருந்து மிதவையை எடுத்துப் பானையில் போட்டேன். அவர் தடுக்கவில்லை. பானையைக் குலுக்கினார். நான் டிவி மேலிருந்த வேட்டியை எடுத்து மடித்து வைத்தேன்.

எங்கள் முறை கடைசியில் வந்தது. அதுவரை தெருவோடு சேர்ந்து கிரிக்கெட்டும் சீரியலும் பார்த்தேன். அந்த சாயங்காலம் செல்வம்மாள் அக்கா தலைக்குப் பூ வைத்துக்கொண்டே வந்துவிட்டார். நான் ஆசைப்பட்ட பாட்டுப் படம்தான் என்று அவருக்கு நிச்சயம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ரிமோட்டைக் கையில் எடுத்தபோது, பென்டிரைவ் டிவியின் பக்கவாட்டில் செருகியபடியே இருந்தது கண்ணில் பட்டது.

மஞ்சள் மீன்கள் வந்தன. ஆமை வந்தது. என் கட்டைவிரல் தானாக அணைக்கும் பட்டனுக்குப் போய் நின்றது. குறட்டை கேட்கவில்லை. விரலை எடுத்துவிட்டேன்.

ஆமைக்குப் பிறகு என்ன என்று அவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. தண்ணீர் மெல்ல வெளுத்தது. படம் மேலே மேலே போனது. சூரியன் கலங்கித் தெரிகிற இடத்தில், கறுப்பாக, நீளமாக, ஒரு படகின் அடிப்பாகம் அசைந்தது. அவர் உட்கார்ந்த படகைக் கீழேயிருந்து மீன்கள் இப்படித்தான் பார்த்திருக்கும்.

பொன்னுரங்கம் திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்துச் சொன்னார்:

"அடியில எவ்ளோ பாசி பாரு. கரையேத்திச் சுரண்டணும்."

என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெர்மோகோல் பெட்டிக்குள் ஒரு அலை இருமியது.

படம் முடிந்ததும் செல்வம்மாள் அக்கா பூவைச் சரிசெய்துகொண்டு, இனியாவது பாட்டுப் படத்தைப் போடச் சொன்னார்.

"பாடு யாரு பேர்லக்கா?" என்றேன்.

மீன்கள் மறுபடியும் முதலிலிருந்து வந்தன. அந்த ஆளுக்கு ஏத்த பொண்டாட்டி என்று முணுமுணுத்துவிட்டு, அக்கா காலை நீட்டி உட்கார்ந்தார்.