நீல ஷீட்டுக்குக் கீழே

மேற்குத் தாம்பரம் கடைத்தெருவில் நேருக்கு நேர் இரண்டு ப்ளவுஸ் மேட்சிங் கடைகள். ஒன்று என்னுடையது, எதிரே இருப்பது தமிழினியுடையது. துணி என்னிடம்தான் அதிகம். வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை, நிஜம். ஆனால் அவள் கடையை ஒட்டி அவள் மாமனார் முனிரத்தினத்தின் காலி மனை கிடக்கிறது. போன ஆடித் தள்ளுபடிக்கு அதில் 'கஸ்டமர் பார்க்கிங் இலவசம்' என்று போர்டு வைத்தாள். இந்தத் தெருவில் ஸ்கூட்டி நிறுத்த இடம் கிடைப்பது லாட்டரி அடித்த மாதிரி. வண்டலூரிலிருந்து வருகிறவர்கள்கூட அவள் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. அவள் சிரித்தால் எரிந்தது. "சாப்ட்டீங்களாக்கா?" என்று கேட்டால் இன்னும் எரிந்தது. அந்த மனையை அவளா உழைத்து வாங்கினாள்? மாமனார் நெல் போட்ட மண்.

என் கடை வாசலிலும் கொஞ்சம் சொந்த இடம் உண்டு. "மேல ஷீட்டு போட்டுடுங்க. அவகிட்ட வண்டி வெயில்ல காயுது, நம்மகிட்ட நிழல்ல நிக்கட்டும்" என்றேன் என் வீட்டுக்காரர் அமீருதீனிடம்.

"கடை இருட்டாயிடும், ஜஹீரா."

"லைட்டு எதுக்கு இருக்கு?"

நீல ஷீட்டு வந்தது. வண்டிகளும் வந்தன. எல்லாம் காலையில் நிழல் பார்த்து நிறுத்தி, ஹேண்டில் லாக் போட்டு, ஸ்டேஷனுக்கு பீச் ட்ரெயின் பிடிக்க ஓடுகிறவர்களின் வண்டிகள். கத்தினால், "அஞ்சு நிமிஷம்க்கா" என்பார்கள். இருட்டிய பிறகுதான் வருவார்கள். இருந்தாலும் விட்டுவைத்தேன். எதிரிலிருந்து பார்த்தால் என் கடையில் கூட்டம்தானே.

பிறகு துணி திரும்பி வர ஆரம்பித்தது. "இன்னாக்கா, அரக்குன்னு குடுத்த, வூட்ல போய்ப் பார்த்தா காபிப்பொடி கலர்ல கீது" என்று ஒருத்தி கவுண்டரில் வீசிவிட்டுப் போனாள்.

மேட்சிங் கடைக்கு வருகிற எந்தப் பெண்ணும் ட்யூப்லைட்டை நம்ப மாட்டாள். புடவையையும் ப்ளவுஸ் பிட்டையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் சேர்த்துவைத்துப் பார்த்தால்தான் அவளுக்கு மனசு ஆறும். இத்தனை வருஷம் இதே தொழிலில் இருந்துவிட்டு, அந்த வெயிலை நானே காசு கொடுத்து மூடியிருக்கிறேன்.

நேற்று இரும்புலியூர் ஹில்டா டீச்சர் வந்தார். மகள் கல்யாணத்துக்கு எல்லா ப்ளவுஸும் என்னிடம்தான் என்று சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் புதுச் சரக்கு எடுத்திருந்தேன். வாசலில் நீல வெளிச்சம், வண்டிகளுக்கு நடுவே கால் வைக்க இடமில்லை. "இருங்க ஜஹீரா, வெளிச்சத்துல பார்த்துட்டு வரேன்" என்று புடவையோடும் என் பிட்டோடும் தெருவைத் தாண்டினார். எதிர்க்கடை வாசல் காலியாக, வெயிலோடு இருந்தது. வண்டிகள் எல்லாம் பக்கத்து மனைக்குள்.

தமிழினி வெளியே வந்து அந்தப் புடவை முந்தானையின் மறுமுனையைப் பிடித்தாள். போச்சு, உள்ளே இழுத்துவிடுவாள் என்று நினைத்தேன். இழுக்கட்டும், தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம் என்றும் நினைத்தேன்.

"இது ஒரு ஷேடு கம்மி டீச்சர். சரியான மயில்கழுத்து ஜஹீராக்காகிட்டயே இருக்கும். மேல் தட்டுல கேளுங்க."

டீச்சர் திரும்பி வந்து அதையே சொன்னார். ஸ்டூல் போட்டு ஏறினேன். இருந்தது. கல்யாணத் துணி முழுக்க அப்படித்தான் முடிந்தது. என் கடையில் எடுப்பதும், அவள் வாசலில் பார்ப்பதும்.

சாயங்காலமே ஷீட்டைக் கழற்ற வைத்தேன். "நல்லதுக்கா, இப்பதான் கடை பளிச்சுனு இருக்கு" என்றாள் தமிழினி எதிரிலிருந்து. காலி மனையை மாமனார் கொடுத்தார் என்று இத்தனை நாள் திட்டித் தீர்த்தேன். அவளுக்கு இந்த மனசை யார் கொடுத்தார்கள் என்று திட்டுவது?