கிரெய்கிபர்னில் நடந்து திரிந்த சூடு

கடல் கடந்து வந்து கிரெய்கிபர்னில் கஜீவன் கட்டிய புது வீட்டில் தரைச்சூடு ஓரிடத்தில் நிற்காமல் நடந்து திரிந்தது. ஒரு பாய் விரிக்கும் அளவு இடம், அதற்குமேல் இல்லை. காலையில் குசினியில் அடுப்பருகே நிற்கும், மத்தியானம் கூடத்துக்கு வரும், ஆட்கள் வந்தால் சப்பாத்துக் கழற்றும் இடத்தில் போய்க் கிடக்கும். அந்தத் தெருவில் எல்லாமே புது வீடுகள், எல்லாவற்றிலும் ஏதோ ஒரு குறை இருந்தது. ஒன்றில் கூரை ஒழுகியது, இன்னொன்றில் கராஜ் கதவு பாதியில் நின்றது. ஆகவே சூடு நடக்கிறது என்று கேள்விப்பட்டவர்கள், கட்டிய கொம்பனிக்குச் சொல்லியாயிற்றா என்றுதான் கேட்டார்கள். கஜீவன் வீட்டார் சொல்லித்தான் இருந்தார்கள். உங்கள் முறை வரும்போது ஆள் வருவான் என்று கொம்பனி பதில் போட்டிருந்தது.

புது வீடுகளுக்கு இனிக் காஸ் இணைப்பு இல்லை என்று அரசாங்கம் சொன்ன பிறகு, குளிருக்குத் தரையைச் சூடாக்க ஓடுகளுக்குக் கீழே மின்கம்பி ஓடும் இந்த ஏற்பாட்டைக் கஜீவன் தேர்ந்தெடுத்திருந்தான். அவனுக்குத் தெரிந்த எவர் வீட்டிலும் அது இல்லை, கேட்டுத் தெளியவும் ஆளில்லை. மே மாதம் குடிபுகுந்தார்கள். பால் காய்ச்சிய வாரமே அவன் மனைவி தாட்சாயினிக்கு ஏழு மாதம் நிறையுமுன் வலி வந்துவிட்டது. மிருணாளினி என்று பெயர் வைத்த பிள்ளை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிறந்து, நகரத்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. அதுவரை தாட்சாயினி கோயிலுக்குள் போனால் கார் நிறுத்துமிடத்தில் போனோடு இருக்கும் கஜீவன், அன்று கலியாணக் குத்துவிளக்கைப் பெட்டியிலிருந்து எடுத்து, கூடத்தின் வடகிழக்கு மூலையில் தரையில் வைத்து ஏற்றினான். பிள்ளை இந்த வாசலைத் தாண்டி வரும்வரை விளக்கை அணைக்கவும் மாட்டேன், அசைக்கவும் மாட்டேன் என்று நேர்ந்துகொண்டான். பிறகு பிள்ளைக்கு ஏறிய நிறையெல்லாம் அவன் கணக்கில் விளக்கு ஏற்றிய நிறைதான். வேலைக்கு இடையில் எண்ணெய் விட ஓடி வந்தான். திரி சற்றே சாய்ந்தாலும் உடனே குனிந்து நிமிர்த்தினான்.

இங்கே நடுக்குளிர்காலமான யூலை பிறந்ததும் பிள்ளை தானாக மூச்சு விட்டது. வீட்டுக்குக் கொண்டு போகலாம், ஆனால் உடம்புச் சூட்டைத் தானே பிடித்து வைக்கும் பலம் இன்னும் வரவில்லை, அறை இருபது பாகையாவது இருக்க வேண்டும், தாதி ஒருத்தி வந்து பார்ப்பாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தாட்சாயினிக்கு அன்றுதான் உண்மையான பயம் பிடித்தது. சூடு குளியலறைக்குப் போனது, உடுப்பு அலுமாரிக்குள்கூடப் போனது, பிள்ளையின் அறைக்குள் மட்டும் போகவில்லை. பூனையைக் கூப்பிடுவதுபோலப் பிள்ளையின் சின்னச் சட்டைகளைத் தரையில் ஒவ்வொன்றாகப் போட்டு அதைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அறைக் கதவுவரை வந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. கடையில் வாங்கிய ஹீட்டர்கள் கூடத்தில் ஒழுங்காக வேலை செய்து, அந்த அறைக்குள் வைத்ததும் குளிர்காற்றை ஊதின. கடைக்காரர் மறுபேச்சில்லாமல் திருப்பி எடுத்தார்.

எலெக்ட்ரீசியன் மகேந்திரராஜா வந்து, சுவரிலிருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தார். ஊரில் வெயிலுக்கு வெறும் நிலத்தில் உருண்ட சனம் இங்க நிலத்தைச் சூடாக்கக் காசு குடுக்குது என்று ஒரு பகிடி விட்டார். ஒருவரும் சிரிக்காததால் விசயத்துக்கு வந்தார்.

"தம்பி, தரைச்சூட்டை அளக்கிற சென்சர் உந்த விளக்குக்கு நேர கீழ கிடக்குது. வீடு முழுக்க வெக்கையா இருக்கெண்டு அது நினைச்சுக்கொண்டிருக்கு. விளக்கை எடுத்தால் சரி."

"அப்ப சூடு ஏன் அண்ணை நடக்குது?"

"அது எனக்குத் தெரியாது. நான் வயர் வேலைக்காரன்."

எந்த மூலையில் சாமி வைப்பார்கள் என்று வீடு கட்டிய வெள்ளைக்காரனுக்குத் தெரியாது. எந்த மூலையில் சென்சர் வைப்பார்கள் என்று கஜீவனுக்கும் தெரியாது. தெரிந்த பிறகும் அவன் விளக்கைத் தொடவில்லை. தாதி வந்து பிள்ளையின் அறையில் வெப்பமானியை வைத்தாள். பதினான்கு. அவள் நல்ல பெண், கடிந்து ஒன்றும் சொல்லவில்லை, அதுவரை பிள்ளை ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும், அடுத்த கிழமை திரும்ப வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அன்று பின்னேரம் ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் கையோடு வந்த தாட்சாயினி ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் விளக்கின் முன்னால் நின்றாள். சூடு அவள் காலடியில் வந்து நின்றது.

"பிள்ளை வந்தால்தான் விளக்கை எடுக்கலாமெண்டு நீங்கள் சொல்லுறீங்கள். விளக்கை எடுத்தால்தான் பிள்ளை வரும். அப்ப நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ?"

"நீர் தொட வேண்டாம். பிறகு அங்க அவளுக்கு ஏதும்..." என்றான் கஜீவன்.

"நேர்த்தி வச்சது நீங்கள். நான் ஒண்டும் வைக்கேல்லை," என்று சொல்லிவிட்டு அவள் குனிந்து விளக்கைத் தூக்கினாள்.

அணைக்கும் எண்ணம் அவளுக்கும் இல்லை. பிள்ளையின் அறையில் மேசைமேல் வைக்கத்தான் கொண்டு போனாள். கஜீவன் இரண்டு கையாலும் சுடரைப் பொத்திக்கொண்டு பக்கவாட்டில் நடந்தான். கதவுகளும் யன்னல்களும் பூட்டியிருந்தன, காற்றில்லை. அறை வாசலுக்கு வந்ததும் விளக்கு அணைந்தது. கஜீவன் வாசலிலேயே தரையில் இருந்துவிட்டான். அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவன் அதைப் பார்த்தபடி இருந்தான், கை போகவில்லை. தாட்சாயினி விளக்கை மேசையில் வைத்துவிட்டு வந்து, கையில் எண்ணெயோடு எடுத்தாள். ஓம், ஓம் என்று தமிழிலேயே சொன்னாள். நாளைக்கு வரும்போது வேறு தொப்பி கொண்டு வரட்டாம், பழையது பிள்ளையின் தலைக்குப் போதவில்லையாம்.

கஜீவன் அழுதான். சத்தம் போட்டே அழுதான். அழுது முடிந்த பிறகுதான் தனக்குக் கீழே தரை சுடுவதைக் கவனித்தான். சூடு அவனைத் தாண்டி அறைக்குள் போய், வெறும் தொட்டிலுக்குக் கீழே கிடந்தது. அடுத்த நாள் தொடக்கம் மிச்ச வீட்டுத் தரையும், சுவர்ப்பெட்டியில் காட்டிய இலக்கத்துக்கு ஒழுங்காகச் சுட்டது. தாதி வந்து பார்த்தாள், இருபத்தொன்று. பிள்ளை வந்தது. கஜீவன் விளக்கை மேசையில் வைத்தபடியே ஏற்றினான்.

பிள்ளை தவழத் தொடங்கியபோது சூடும் கூடவே போனது. மற்ற இடமெல்லாம் இளஞ்சூடு, அவள் இருக்கும் இடம் மட்டும் ஒரு படி கூட. பகலில் விடும் பிள்ளைகள் காப்பகத்தில் நித்திரை கொள்ள மறுக்கும் குழந்தைகளை அவளுக்குப் பக்கத்தில் கிடத்தினார்கள். உறைபனி விழுந்த காலைகளில் பின்வளவுப் புல்லில் அவள் நடந்த வழி மட்டும் பச்சையாக இருந்தது.

இந்த யூன் மாதம் கொம்பனியிலிருந்து ஆள் வந்தான். பழைய முறைப்பாடு, இப்போதுதான் முறை வந்ததாம். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து, சூடு நடப்பதாகச் சொல்லியிருந்தீர்களே, இன்னும் நடக்கிறதா என்று கேட்டான். இப்போது ஓடுகிறது என்றாள் தாட்சாயினி. அவன் குனிந்து ஓட்டில் கையை வைத்தான். மிருணாளினி கூடத்தைக் குறுக்கே கடந்து குசினிக்குள் ஓட, உள்ளங்கைக்குக் கீழே சூடு அவள் பின்னால் போவதை அவன் உணர்ந்தான். குறை ஒன்றும் இல்லை என்று பதிந்துவிட்டு, அடுத்த வீட்டுக் கராஜ் கதவைப் பார்க்கப் போனான்.