முதல் தண்ணீர்

சோதனையின் இருபதாம் நாள் காலை எலிக்கூடத்தைத் திறந்தபோது நான்காம் வரிசைக் கூண்டில் இரண்டு எலிகள் செத்துக் கிடந்தன. இரண்டும் வாலில் சிவப்புக் கோடு போட்டவை, மருந்தை அதிக அளவில் குடித்த கூட்டத்தைச் சேர்ந்தவை. முந்தின நாளே எடை குறைந்து, ரோமம் சிலிர்த்து, மூலையில் ஒடுங்கித்தான் உட்கார்ந்திருந்தன. பார்க்க எனக்கு மனசு சரியில்லை என்று குறிப்பேட்டில் எழுத முடியாது. 'சுறுசுறுப்புக் குறைவு' என்று எழுதியிருந்தேன்.

ஹோ நகரத்தில் மூலிகை மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் பதினான்கு வருடமாக விலங்குகள் என் பொறுப்பு. மருந்தை ஒவ்வொரு எலிக்கும் வாய் வழியாக வயிற்றுக்குள் செலுத்துவது நான்தான். அதற்கென்று நுனி உருண்ட வளைந்த ஊசி உண்டு. கை கொஞ்சம் தவறினால் மருந்து நுரையீரலுக்குப் போய், எலி அங்கேயே துடித்துச் செத்துவிடும்.

எங்கள் தலைவர் டாக்டர் செனானு வந்து பார்த்ததும் அதைத்தான் சொன்னார்.

"கை தவறியிருக்கும், அகோர்ஃபா. யாருக்கும் நடக்கிறதுதான். ஊசி தவறினதுன்னு எழுதிட்டு வேற ரெண்டு எலியைச் சேர்த்துக்கலாம்."

"எனக்குத் தவறாது டாக்டர்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"அப்ப அறுத்துப் பாருங்க. நுரையீரல்ல ஒரு சொட்டு மருந்து இருந்தா நான் இன்னிக்கே வேலையை விட்டுடறேன்."

அறுத்தார். நுரையீரல் சுத்தமாக, இளஞ்சிவப்பாக இருந்தது. இன்னும் கீழே வயிற்றைத் திறந்தார். கருஞ்சிவப்பாக இருக்க வேண்டிய சிறுநீரகங்கள் தோலுரித்துக் கழுவிவைத்த மரவள்ளிக்கிழங்கு மாதிரி வெளிறிக் கிடந்தன.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்த மருந்து தேற வேண்டும் என்று அவருக்கும் ஆசை, எனக்கும் ஆசை. இது எசினாமின் மருந்து.

அடாக்லு மலைச்சரிவில் படரும் ஒரு கொடியின் வேர்ப்பட்டையிலிருந்து அவர் அதைக் காய்ச்சுகிறார். மலைக்கசப்பு என்போம். இடுப்பு வலிக்கும் காய்ச்சலுக்கும் ஹோவில் அந்தப் பாட்டில் இல்லாத வீடு குறைவு. எசினாமுக்கு ஐம்பது வயது, கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். ஊரில் எல்லாருக்கும் அவர் டாவி, அக்கா. மருந்துக் கடைகளில் வைத்து விற்க அரசாங்கச் சான்றிதழ் வேண்டும். அதற்கு எலிகளில் சோதித்துக் கேடில்லை என்று நாங்கள் எழுதித் தர வேண்டும். சோதனை தொடங்கியதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று, "என் நோயாளிங்க எப்படி இருக்காங்க? ஒருத்தனும் இடுப்பு வலின்னு சொல்லலையே?" என்று கேட்டுச் சிரிப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் சிரிக்கவில்லை. டாக்டர் செனானு விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டார்.

"ரெண்டு எலி செத்தா என் மருந்து விஷமா? இந்த ஊர்ல பாதி ஆம்பளைங்க நிமிர்ந்து நடக்கிறதே என்னாலதான் டாக்டர். எலி எதுக்குத்தான் சாகாது? பூனையைப் பார்த்தாக்கூடச் சாகும்."

"உட்காருங்க டாவி" என்றேன்.

உட்காரவில்லை. திடீரென்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நான் குடுத்த பட்டையை எப்படிக் காய்ச்சினீங்க?"

"காய்ச்சல. பொடிச்சு, சாராயத்துல ஊற வெச்சுச் சத்தை எடுத்தோம். எந்த மூலிகைக்கும் இங்க அப்படித்தான் செய்யறோம்" என்றார் டாக்டர்.

"சாராயத்துலயா! அப்ப முதல் தண்ணியை யார் கொட்டினது?"

எங்கள் இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"அரை மணி நேரம் கொதிக்க விட்டு, அந்தத் தண்ணியை மண்ணுல கொட்டணும். குழந்தைக்குக்கூடத் தெரியும். மறுபடி தண்ணி ஊத்திக் காய்ச்சறதுதான் மருந்து. கசப்பு மரவள்ளியை ஊறப்போட்டுப் பிழியாம அப்படியே தின்னுட்டு, மரவள்ளி ஆளைக் கொல்லுதுன்னு எழுதுவீங்களா?"

"நீங்க இதைச் சொல்லவே இல்லையே, டாவி."

"நீங்க கேட்டீங்களா? செடி பேரு கேட்டீங்க. எந்த மலைன்னு கேட்டீங்க. நாலு தாள்ல கையெழுத்துக் கேட்டீங்க. எப்படிக் காய்ச்சுவேன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

டாக்டர் செனானு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனுஷர். தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொள்ள அவருக்கு அதற்குமேல் நேரம் பிடிக்கவில்லை. சோதனையை முதலிலிருந்து செய்வோம், மருந்தை நீங்களே வந்து உங்கள் கையால் காய்ச்சிக் கொடுங்கள் என்றார்.

மறு வாரம் எசினாம் எங்கள் கொல்லைப்புறத்தில் மூன்று கல் கூட்டிப் பானை வைத்தார். முதல் தண்ணீரை வேலியோரம் கொட்டியபோது அங்கே திரிந்த கோழிகளைக் கைதட்டி விரட்டினார். இரண்டாவது தண்ணீரை வடிகட்டி எனக்கு ஒரு வாய் கொடுத்தார். மெல்லிய கசப்பு. தொண்டையில் இறங்கியதும் போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் கோர்க்குவின் வீட்டுக்குப் போனேன். எஃபோ, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவேன்; தையல்காரர். காலை முதல் இருட்டும்வரை மிஷினை மிதித்து இடுப்பு ஒடிந்தவர். மிஷின் பக்கத்திலேயே மலைக்கசப்புப் பாட்டில் இருக்கும். அக்ப்லே என்னும் சோளக்களியும் வெண்டைக்காய்ச் சாறும் சாப்பிட்டு முடித்த பிறகு, ஏதோ தோன்றி, அந்தப் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தேன். நாக்கு மரத்தது. தண்ணீர் குடித்தும் கசப்பு போகவில்லை.

அதே பட்டை, அதே எசினாம். ருசி மட்டும் வேறு.

"எஃபோ, இதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையேன்."

"ஏன்?"

"எங்க எலிங்களுக்கு ஒத்துக்கல."

"நான் எலியா?"

"விளையாடாத. கால் வேற வீங்கியிருக்கு, பாரு."

"பத்து மணி நேரம் தொங்கப்போட்டா யார் காலும் வீங்கும். நீ வந்து ஒரு நாள் இந்த மிஷின்ல உட்காரு. சாயந்தரம் நீயே வந்து பாட்டிலைக் கேப்ப."

அவரைப் பேசி ஜெயித்தவர்கள் கிடையாது. சந்தைக்குப் போய் எசினாமின் கடையில் மூன்று பாட்டில் வாங்கினேன். திங்கட்கிழமை டாக்டர் மேசைமேல் வைத்தேன்.

"இன்னும் ஒரு கூட்டம் எலி வேணும் டாக்டர். இதைக் குடிக்க."

"எதுக்கு? அவங்க கையால காய்ச்சினதுதான் இருக்கே."

"அது நம்ம எலிங்க குடிக்கறது. இது ஊர் குடிக்கறது."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பாட்டிலைத் திறந்து நுனிநாக்கில் வைத்தார். கூடுதல் எலிகளுக்கு அனுமதி வாங்க விலங்கு நலக் குழுவுக்கு அன்றே கடிதம் எழுதினார். அனுமதி வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும், பின்னால் சோதனை நடந்த நான்கு வாரமும் ஊர் குடித்துக்கொண்டுதான் இருந்தது. நாங்கள் அப்போதே வாய் திறந்திருக்கலாம். கையில் சான்றில்லாமல் ஒருத்தியின் பிழைப்பைக் கெடுக்கக் கூடாது என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். அது சரிதானா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

புதுச் சோதனையின் இருபத்தெட்டு நாள் முடிந்தது. எசினாம் கையால் காய்ச்சியதைக் குறைவாகவும் நடுத்தரமாகவும் குடித்த எலிகளுக்கும் வெறும் தண்ணீர் குடித்தவற்றுக்கும் வித்தியாசமே இல்லை. அதிகம் குடித்தவற்றில் மட்டும், சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு ரத்தத்தில் சற்று ஏறியிருந்தது. சந்தைப் பாட்டிலைக் குடித்தவற்றில் மூன்று முன்பே இறந்துவிட்டன. மீதியை அறுத்தபோது அதே வெளிறிய சிறுநீரகங்கள்.

எசினாம் உள்ளே வந்து நேரில் பார்க்க வேண்டும் என்றார். இரண்டு கூட்டத்தின் சிறுநீரகங்களையும் இரண்டு தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றைக் காட்டி, "இது உங்க கையால காய்ச்சினது" என்றேன். மற்றதைக் காட்டி, "இது உங்க கடையில வாங்கினது" என்றேன். அவர் ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். பிறகு மேல்துணி முனையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

காய்ச்சும் கொட்டகை சந்தைக்குப் பின்னால் இருக்கிறது. வியாபாரம் பெருகிய பிறகு அதை அவர் தங்கை மகள் தெலாலிதான் பார்த்துக்கொள்கிறாள். இரண்டு பெரிய டிரம்கள் கொதித்துக்கொண்டிருந்தன.

"முதல் தண்ணியை எங்க கொட்டற?" என்று கேட்டார் எசினாம்.

தெலாலி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். கொட்டற இடத்தைக் காட்டு."

"பெரியம்மா, அதைக் கொட்டினா கசப்பே இருக்க மாட்டேங்குது. தண்ணி கலந்து ஏமாத்தறோம்னு முகத்துக்கு நேராத் திட்டறாங்க. பாட்டிலைத் திருப்பிக் குடுத்துட்டுப் போறாங்க. கொட்டறதை விட்டதும் அத்தனை பேரும் திரும்பி வந்தாங்க. வலி சீக்கிரம் போகுதுன்னு சொன்னாங்க. நான் கெட்டது எதுவும் சேர்க்கல. உங்க பட்டை, உங்க தண்ணி."

"எத்தனை நாளா?"

"போன வருஷம் மழைக்கு முன்னாடியிலேர்ந்து."

அறைவார் என்று நினைத்து நான் நடுவில் போய் நின்றேன். எசினாம் அங்கே கிடந்த பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் ருசி பார்த்தேனே" என்றார் என்னைப் பார்த்து. "ஒவ்வொரு சந்தை நாளும் பார்த்தேனே, அகோர்ஃபா. கசப்பு ஏறியிருந்தது. இந்த வருஷம் மலையில நல்ல வேர் விழுந்திருக்குன்னு சந்தோஷப்பட்டேன். ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல."

தெலாலி அழத் தொடங்கினாள். எசினாம் எழுந்து, இரண்டு டிரம்களையும் தாமே சாய்த்தார். கொதிநீர் தெறித்துக் கால் வெந்தது. எங்களைக் கிட்டே வர விடவில்லை.

அடுத்த சந்தை நாள், சந்தையின் ஒலிபெருக்கியில் அவர் பேசினார். எழுதித் தருகிறேன் என்ற டாக்டரிடம் வேண்டாம் என்றுவிட்டார். "நான் எசினாம். போன வருஷ மழைக்கு முன்னாடியிலேர்ந்து என் கடையில வாங்கின மருந்து தப்பாக் காய்ச்சினது. யாரும் குடிக்காதீங்க. மிச்சம் இருந்தாக் கொட்டிடுங்க. தினமும் குடிச்சவங்க ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் பார்த்துக்கங்க." அவ்வளவுதான். ஆனால் அதையே பகல் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

சந்தையில் சிரித்தவர்கள் உண்டு. "சான்றிதழ் கிடைக்கலைன்னு மூளை கலங்கிப்போச்சு" என்றாள் மீன் விற்பவள் ஒருத்தி. வெள்ளைக்கார மருந்துக்காரன் அவரை விலைக்கு வாங்கிவிட்டான் என்றார்கள் சிலர். பத்தே நாளில் இன்னொருவன் அதே கொடியின் பட்டையைக் காய்ச்சி, 'அசல் பழைய கசப்பு' என்று கூவி விற்கத் தொடங்கினான். கூட்டம் அவனிடம் போனது. எங்கள் அறிக்கையின் ஒரு பிரதியை டாக்டர் செனானு அவன் கையில் கொடுத்தார். அவன் அதில் பாட்டில்களைச் சுற்றினான்.

என் அண்ணனை நானே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன். ரத்தத்தில் அந்தக் கழிவின் அளவு ஏறியிருந்தது. மலைக்கசப்பாலா, வருடக்கணக்காக விழுங்கிய வலி மாத்திரையாலா, சொல்ல முடியாது என்றார்கள். அண்ணன் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "யாரைத் திட்டணும்னு தெரிஞ்சாத் திட்டிட்டுப் போவேன். அதையும் சொல்ல மாட்டேங்கறானே" என்றார். இப்போது இரண்டையும் நிறுத்திவிட்டார். மாலை ஆனால் மிஷினைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார்.

எசினாம் வீடு வீடாகப் போனார். தினமும் குடித்தவர்கள் யார் யார் என்று அவருக்குத் தெரியும். சில வீடுகளுக்கு நானும் கூடப் போனேன். சோள அப்பமான அபோலோ செய்து விற்ற பெனடிக்டாவின் வீட்டுக்கு அவர் கிளம்பியபோது மட்டும் தடுத்தேன். பெனடிக்டா போன டிசம்பரில் இறந்துபோனார். உடம்பெல்லாம் வீங்கி, சிறுநீரகம் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

"வேற காரணம் ஆயிரம் இருக்கலாம் டாவி. யாருக்கும் தெரியாது. இனி தெரியவும் போறதில்ல. போய் எதுக்குச் சொல்லணும்?"

"நீ வர வேண்டாம்" என்றார். கால் புண்ணோடு முன்னால் நடந்தார். நான் கூடவே போனேன்.

பெனடிக்டாவின் மகள் செலாசி முற்றத்தில் சோளமாவு பிசைந்துகொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த மாவை வழித்துவிட்டு உட்கார முக்காலி போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். எசினாம் தண்ணீரைக் குடிக்காமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். முதல் தண்ணீர், எலிகள், போன வருஷ மழை, ஒன்றையும் விடவில்லை.

செலாசி கடைசிவரை கேட்டாள். பிறகு, "எங்கிட்ட ஏன் சொல்றீங்க டாவி?" என்றாள்.

"தெரிஞ்சும் சொல்லாம உன் எதிர்ல வர முடியல, அம்மா. நீ என்ன வேணாச் சொல்லு. போலீசுக்குப் போகணும்னாலும் நானே கூட வரேன்."

"நீங்க சொல்லிட்டீங்க. நான் யார்கிட்டச் சொல்வேன்?" என்றாள் அவள். "கசக்குது, வேண்டாம்னு அம்மா முகத்தைத் திருப்பிக்குவாங்க. மூக்கைப் பிடிச்சு ஊத்தினது நான்தான். தினமும் காலைல. நான்தான்."

எசினாம் கையிலிருந்த குவளையைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கனத்த உடம்போடு மண்ணில் உட்கார்ந்து, அவள் பக்கம் நகர்ந்தார். செலாசி விலகவும் இல்லை, சாயவும் இல்லை. மாவு காய்ந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுப்பில் அபோலோ வேகும் பானையில் நீர் வற்றிக் கருகும் வாடை வந்தது. நான் போய் விறகை வெளியே இழுத்தேன்.