பழைய பிரதிகளில் இல்லாத பெண்

அச்சகத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னலோரத்து மேஜையில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்து உட்கார்ந்து, வெயில் எந்த மணிக்கு எந்தக் கன்னத்தில் விழும் என்பது அவளுக்கு மனப்பாடம். பார்வை இல்லாதவர்களுக்காகப் பிரெய்ல் புத்தகங்கள் போடும் அச்சகம் அது. கெட்டித் தாளில் புள்ளிகள் எழும்பி வரும். அவற்றைத் தடவிப் பிழை கண்டுபிடிப்பது அவள் வேலை. ‘மெய்ப்பு பார்ப்பவர்’ என்று அடையாள அட்டையில் போட்டிருந்தார்கள். அந்தப் ‘பார்ப்பவரை’ யாராவது வாசித்துக் காட்டினால் முதலில் சிரிப்பவள் அவள்தான். ஆறு வயதில் வந்த ஒரு காய்ச்சல் கண்ணைக் கொண்டுபோய்விட்டது. விரல்களைத் தொடவில்லை. அச்சகத்தில் எல்லோருக்கும் அவள் விரலக்கா.

எதிர் நாற்காலியில் காற்புள்ளி சார். ஓய்வுபெற்ற தபால்காரர். மூலப் புத்தகத்தை அவர் சத்தமாக வாசிப்பார், இவள் விரலால் பின்தொடர்வாள். ஒரு குறிகூட விடாமல் சொல்லி வாசித்துப் பழகியதில், வீட்டுக்குப் போயும் மனைவியிடம் “சாப்பாடு ஆச்சா, காற்புள்ளி, இல்ல இனிமேதானா, கேள்விக்குறி” என்று கேட்பதாக அச்சகத்தில் ஒரு கதை உண்டு. அவர் மறுத்ததில்லை.

அந்த வருஷம் கிறிஸ்தவ வேதத்தின் புதிய பதிப்பு வந்திருந்தது. அச்சில் ஒரே புத்தகம். பிரெய்லில் நாற்பதுக்கும் மேற்பட்ட பாகங்கள், ஒரு அலமாரி முழுக்க. இரண்டு பேரும் மாதக்கணக்கில் வாசித்து நான்காம் சுவிசேஷத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஏழாம் அதிகாரம் முடியப்போகிறது என்றதும் அவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். அடுத்து வரப்போகிற கதைக்காகத்தான் அவள் இந்த வேலைக்கே ஒத்துக்கொண்டாள் என்றுகூடச் சொல்லலாம். தப்பு செய்தவள் என்று ஒரு பெண்ணை இழுத்துவந்து நடுவில் நிறுத்துகிறார்கள். கையில் கல். தீர்ப்பு சொல்ல வேண்டியவரோ குனிந்து மண்ணில் விரலால் எழுதிக்கொண்டிருக்கிறார். வேதம் முழுக்கத் தேடினாலும் அவர் எழுதினார் என்று வருகிற இடம் அது ஒன்றுதான். என்ன எழுதினார் என்று யாரும் சொல்லவில்லை. தான் அங்கே இருந்திருந்தால் எல்லோரும் போனபிறகு தரையைத் தடவி வாசித்திருக்கலாம் என்று சின்ன வயதிலிருந்து அவளுக்கு ஒரு நினைப்பு.

“இரட்டை அடைப்புக்குறி, தொடக்கம்” என்றார் காற்புள்ளி சார்.

“என்ன சார்?”

“அப்படித்தான் போட்டிருக்கு. முன்னாடியே ஒரு குறிப்பு. இந்தப் பகுதி மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள்ல காணப்படல. பின்னால சேர்க்கப்பட்டதா அறிஞர்கள் கருதறாங்க. முற்றுப்புள்ளி.”

அவள் விரலைத் தாளிலிருந்து எடுத்தாள். சூடான பாத்திரத்தைத் தொட்டமாதிரி எடுத்தாள்.

இருபது வயதில், பார்வையற்றோர் பள்ளியில் இசை கற்றுக்கொடுத்த ஒருவனை நம்பி, வயிற்றில் நாலு மாதத்தோடு அவள் வீட்டுக்கு வந்து நின்றிருக்கிறாள். அவன் மாற்றல் வாங்கிக்கொண்டு போன கையோடு விலாசத்தையும் மாற்றிக்கொண்டான். அவள் அப்பா சபையின் போதகர். ஏழு பேர் கொண்ட கமிட்டி கூடியது. அவள் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடிக்க வேண்டும், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கூடாது என்றார்கள். அவளை ஓரமாக ஒரு நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டே பேசினார்கள், கண் தெரியாதவளுக்குக் காதும் கேட்காது என்பதுபோல. அப்பா எழுந்தார். இந்தக் கதையை வாசித்தார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு உட்கார்ந்தார். அந்த அறையில் ஒரு கடிகாரம் இருப்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ரொம்ப நேரம் கழித்து யாரோ தொண்டையைச் செருமி, “சரி, அடுத்து அந்தக் கூரை ஒழுகுற விஷயம்” என்றார்கள். கூரையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். அவள் பெயர் அடிபடாமலேயே போயிற்று.

அந்தக் கதைதான் இல்லையாம்.

“அக்கா, மேல போலாமா?” என்றார் காற்புள்ளி சார்.

“போலாம் சார்” என்றாள். ஆனால் விரல் முன்னால் போனாலும் மனசு ஒவ்வொரு வரியிலும் பின்தங்கி நின்றது. உன்னை இங்கே கொண்டுவந்து வைத்தது யார் என்று அடுத்த வரியைக் கேட்டாள். அதற்கு அடுத்த வரியையும். எந்த வரியும் பதில் சொல்லவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மேஜையிலேயே தலைசாய்த்தாள். அவளுக்குக் கனவில் பார்வை உண்டு. ஆனால் கையளவுதான். நீளமான ஒரு அறை தெரிந்தது, அதில் வெறும் கைகள். மை படிந்த கை, குளிரில் விறைத்த கை, நகம் கடித்த கை. ஒன்று எழுதி அடுத்ததிடம் நீட்ட, அது பார்த்து எழுதி அதற்கடுத்ததிடம் நீட்டிற்று. ஒரு கை தூங்கி வழிந்து ஒரு வரியைத் தாண்டிப் போனது. இன்னொன்று தனக்குப் பிடித்த சொல்லை நைசாக நடுவில் செருகிவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல எழுதிக்கொண்டு போனது. நடுவில் ஒரு கையிடம் மட்டும் ஒரு தனித் தாள் இருந்தது. எங்கே வைப்பதென்று தெரியாமல் பக்கத்துக் கையிடம் காட்டிற்று. அது விலகிக்கொண்டது. அடுத்ததும் விலகிக்கொண்டது. தாள் கைமாறிக் கைமாறி, தண்ணீரில் போகிற இலைபோல அறையின் கோடிக்கு மிதந்து போயிற்று. இப்படிக் கொடு என்று கூப்பிடப் பார்த்தாள். அவளுக்கும் அங்கே வாய் இல்லை, கைதான் இருந்தது.

விழித்தபோது கன்னம் எரிந்தது.

“அக்கா, கன்னத்துல மூணு வரி பதிஞ்சிருக்கு.”

“என்ன போட்டிருக்கு சார்?”

“எனக்கு உங்க எழுத்து வாசிக்கத் தெரியாதே.”

அன்று சாயங்காலம் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். அப்பாவுக்குப் பிறகு அதே சபைக்கு அண்ணன்தான் போதகர். உள்ளே நுழையும்போதே நீராவி வாசனை. ஞாயிற்றுக்கிழமைக்கு அங்கியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

“அண்ணா, எட்டாம் அதிகாரத்துக் கதை பழைய பிரதியில இல்லையாமே?”

பெட்டி அப்படியே நின்றது. துணி தீயும் வாசனை வந்தபிறகுதான் அதைத் தூக்கினான்.

“யாரு சொன்னா?”

“காற்புள்ளி சார் சொன்னார். நீதான் சொல்லல.”

பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்தான். “இறையியல் ரெண்டாம் வருஷம் படிக்கும்போதே தெரியும் பாப்பா” என்றான். நாற்பத்தைந்து வயதிலும் அவனுக்கு அவள் பாப்பாதான்.

“இருபத்தஞ்சு வருஷமா வாயத் திறக்கலையே?”

“எந்த முகத்தோட சொல்றது? அந்தக் கதையை நீ எப்படி வெச்சிருக்கேன்னு எனக்குத் தெரியாதா?”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

அவன் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு வந்து உட்கார்ந்தான். “கமிட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் நான்தான் அப்பாகிட்ட போய்ச் சொன்னேன். அப்போ லீவுக்கு வந்திருந்தேன் இல்லையா, புதுசா படிச்ச திமிரு. இதை வாசிக்காதீங்கப்பா, அந்த ஏழு பேர்ல ஒருத்தருக்கு விஷயம் தெரிஞ்சிருந்தாலும் இது அசல் இல்லைன்னுடுவாங்கன்னேன். நீ பொறக்கறதுக்கு முன்னாடியே எனக்கு அது தெரியும்டான்னார்.”

“அப்புறம்?”

“வேற எதை வாசிக்கறது, நீயே எடுத்துக் குடுன்னு புத்தகத்தை என் மடியில வெச்சார். ரெண்டு மணி நேரம் புரட்டினேன். கல்லெறியச் சொல்ற இடம் வேணுங்கற அளவுக்குக் கிடைச்சுது பாப்பா. எடுத்த கல்லைக் கீழ போடவெச்ச இடம் அது ஒன்னுதான் கிடைச்சுது.”

அவள் எழுந்துவிட்டாள். “அப்போ அப்பா அந்த ஏழு பேரையும் ஏமாத்தினாரா? என்னையும் சேர்த்து?”

“தெரியல.”

“தெரியலைன்னா? ஊருக்கெல்லாம் பிரசங்கம் பண்றவன் நீ!”

கைத்தடியைத் தட்டிக்கொண்டு தனியாகவே வீட்டுக்கு நடந்தாள். வழக்கமாகத் திரும்பும் மூலையைத் தாண்டிப் போய், ஏதோ ஒரு கடையின் கண்ணாடியில் முட்டிக்கொண்ட பிறகுதான் தெருவே ஞாபகம் வந்தது.

மகள் பல் டாக்டர். நெற்றியில் மருந்து போட்டுக்கொண்டே முழுக் கதையையும் கேட்டாள். கடைசியில், “தாத்தா அன்னிக்கு வேற பக்கத்தைத் திருப்பியிருந்தா நான் எங்கம்மா இருந்திருப்பேன்?” என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். அம்மாவால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நாலு நாளாகியும் எட்டாம் அதிகாரத்து மெய்ப்பில் அவள் கையெழுத்து விழவில்லை. ஐந்தாம் நாள் பதிப்பாசிரியரே படியேறி வந்தார். பழைய மொழிகள் படித்த அம்மாள். நடையில் அவசரம், பேச்சில் இருமல் மிட்டாய் வாசனை.

“பிழை இருக்காம்மா?”

“பிழை இல்ல மேடம். ஒன்னு கேக்கணும். முதல் பிரதி எங்க இருக்கு? சுவிசேஷம் எழுதினவரே கைப்பட எழுதினது?”

“எங்கயும் இல்ல” என்றார் அந்த அம்மாள் உடனே. “எந்தச் சுவிசேஷத்துக்கும் இல்ல. நம்மகிட்ட இருக்கறதெல்லாம் நகலோட நகல். ஒன்னுக்கொன்னு ஒத்துப்போகாத இடம் ஆயிரக்கணக்குல இருக்கு. பெரும்பாலும் எழுத்துப்பிழை. சிலது அப்படி இல்ல.”

“இந்தக் கதை?”

நாற்காலி அருகில் நகர்ந்தது. “இது ஒரு வினோதமான கதை. ரொம்பப் பழைய பிரதிகள்ல இல்ல. பிந்தி வந்த சிலதுல இதே இடத்துல இருக்கு. சிலதுல சுவிசேஷத்தோட கடைசியில கொண்டுபோய் ஒட்டியிருக்காங்க. சிலதுல வேற ஒரு சுவிசேஷத்துக்குள்ளயே போயிடுச்சு. ஒன்னு ரெண்டு பேர் எழுதாம, ஆனா இடத்தை மட்டும் காலியா விட்டு வெச்சிருக்காங்க.”

“காலியாவா?”

“ஆமா. இங்க ஒன்னு வரணும்னு கேள்விப்பட்டிருக்காங்க போல. சேர்க்கவும் தைரியம் வரல, விடவும் மனசு வரல.”

வீடு வீடாகப் போய் வாசலில் நின்றுவிட்டுத் திரும்புகிற ஒரு பெண்ணின் காலடி விரலக்காவின் காதில் கேட்டது. நாலு மாத வயிற்றோடு அவளும் அப்படி நடந்தவள்தான். முதலில் தோழி வீடு, பிறகு அத்தை வீடு, கடைசியாகத்தான் அப்பா வீடு.

“நீங்க என்ன நினைக்கறீங்க மேடம்? நடந்ததா, நடக்கலையா?”

“எந்தப் பிரதியில இருக்கு, எதுல இல்லைன்னுதான் என்னால சொல்ல முடியும். நடந்ததான்னு சொல்ல முடியாது. ஒருநாள் நம்பறேன். மறுநாள் நம்பல.” மிட்டாய் கடிபடும் சத்தம். “குறிப்பை எடுக்கச் சொல்றீங்களா? என்னால முடியாது.”

“ஒரு எழுத்துகூட எடுக்க வேண்டாம். இடத்தை மட்டும் மாத்துங்க. அச்சுல நீங்க ஒரே பார்வையில எல்லாத்தையும் பார்த்துடுவீங்க. எங்களுக்கு வரி வரியாத்தான் வரும். குறிப்பை முன்னால வெச்சா, அந்தப் பொண்ணு உள்ள வர்றதுக்குள்ள தீர்ப்பு வந்து உக்காந்துக்குது. கதை முடியட்டும். அதுக்கப்புறம் யார்னு விசாரிக்கலாம்.”

பதிப்பாசிரியர் தாளைப் புரட்டினார், மறுபடி புரட்டினார். “பிரெய்ல் பதிப்புக்கு மட்டும்னா செய்யலாம்” என்றார். “யோசிச்சா அச்சுக்கும் அதுதான் சரியோ என்னவோ. பதிப்புக் கமிட்டி ஒத்துக்காது.”

திருத்திய தாள் மறுநாள் வந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு சபையில் வேதம் வாசிப்பது அவள் முறை. அந்த ஞாயிறன்று குறித்துக்கொடுத்த பகுதியை விட்டுவிட்டு, கொண்டுவந்த மெய்ப்புத் தாளை மேடையில் விரித்தாள். யாரிடமும் கேட்கவில்லை. அண்ணன் பின்னால் நின்று ஒருமுறை இருமினான், அவ்வளவுதான். கதையை வாசித்தாள். கடைசி வரி முடிந்து, எழுந்து நின்றவர்கள் உட்காரப் போனபோது விரலை எடுக்காமல் குறிப்பையும் வாசித்தாள், அதே குரலில்.

பெஞ்சுகள் முனகின. பின்வரிசையிலிருந்து யாருடையதென்று பிடிபடாத ஒரு பெண் குரல் பயந்து பயந்து கேட்டது: “அப்போ அதை வெச்சுக்கணுமா ஐயா, எடுத்துடணுமா?”

அண்ணன் பின்னாலிருந்து முன்னால் வரும் செருப்புச் சத்தம் கேட்டது. ஒலிபெருக்கியில் அவன் மூச்சு மட்டும் கொஞ்ச நேரம் வந்தது. “எனக்குத் தெரியலம்மா” என்றான். “இருபத்தஞ்சு வருஷமா எனக்குத் தெரியல. தெரிஞ்சமாதிரி நின்னுட்டிருந்தேன்.” நடுவரிசையில் ஒரு குடும்பம் எழுந்து வெளியே போயிற்று, நாலு ஜோடிச் செருப்பு. பிறகு யாரோ பாட்டைத் தொடங்க, பாதிப் பேர் ஒரு சுருதியிலும் மீதிப் பேர் வேறு சுருதியிலும் பாடினார்கள்.

ஆராதனை முடிந்து அண்ணன் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினான். மழை வரப்போகிற காற்று. கோபம் எங்கே போயிற்றென்று அவள் உள்ளே தேடிப் பார்த்தாள். இன்னும் இருந்தது, ஆனால் பாரமாக இல்லை.

“அடுத்த வாரம் பாதிப் பேர் வரமாட்டாங்க” என்றான்.

“வராட்டி என்ன, இருக்கறவங்க காலை நீட்டி உக்காரலாம்.”

அவன் சிரித்துவிட்டான். சிரித்தபிறகு மூக்கை உறிஞ்சினான். “நாளைக்கு எந்த அதிகாரம்?”

“ஒன்பது. பிறவிக் குருடனுக்குக் கண்ணுல சேற்றைப் பூசறது.”

“அதுல குறிப்பு ஒன்னும் இருக்காது. எல்லாப் பழைய பிரதியிலயும் இருக்கு.”

“இருக்கட்டும். அதுல எனக்கு வேற சில கேள்விங்க இருக்கு” என்றாள் விரலக்கா. முதல் தூறல் கையில் விழுந்தது. நடையை எட்டிப் போட்டார்கள்.