மேசை மேல் ஒரு சஹன்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் ஹலீமா கணவனோடு போய்விடுவாள் என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். ஹலீமா மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.

டன்லப் தெருவில் வாப்பாவின் அரிசிக் கடைக்கு மேல்தான் வீடு. நோன்புக்கு முன்னால் அங்கே திரும்பி வந்தவள், பெருநாள் கழிந்தும் போகவில்லை. கணவன் அஹமது கபீருக்கு வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் நல்ல உத்தியோகம். வசதியானவர்கள் வசிக்கும் காத்தோங்கில் வீடு. ஒரு நாள் மாலை முன்னறையில் அவனுடைய ஆபீஸ் ஆட்கள் உட்கார்ந்திருந்தபோது, உம்மா தூக்குவாளியில் கறி கொண்டு வந்தாள். கபீர் ஓடிப்போய், வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வரும்படி அவளிடம் சொன்னான். உம்மா அப்படியே சுற்றிக்கொண்டு வந்தாள். அடுப்படியில் முக்காலியில் உட்கார்ந்து, முன்னறையின் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, மகளைப் பார்த்துப் புன்னகைத்தாள். அந்தப் புன்னகையைத்தான் ஹலீமாவால் தாங்க முடியவில்லை. மறுநாளே வந்துவிட்டாள்.

கபீர் மன்னிப்புக் கேட்டான். இனி அப்படி நடக்காது என்றான். பொய் சொல்கிறான் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஆனாலும் மனதுக்குள் ஏதோ ஒன்று உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது. கடைசியில் அவன் மாமனாரையும் அவளையும் விருந்துக்கு அழைத்தான். உம்மாவையும்தான் அழைத்தான். உம்மா வரவில்லை என்றாள்.

ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு ஈரானியர் நடத்தும் பாரசீக உணவகம் அது. சுவரெல்லாம் கம்பளம். குளிரூட்டிய காற்று. முஸ்லிம் சாப்பாடு என்பதால் வாப்பா தயங்காமல் சாப்பிடலாம் என்று கபீர் சொல்லியிருந்தான். பக்கத்து மேசையில் அவனுடைய மேனேஜரும் மனைவியும் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, அவனுக்குப் பழக்கமான இடமும் இதுதான் என்று ஹலீமாவுக்குத் தெரிந்தது. கபீர் அவர்களுக்குத் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தான். மாமனாரை அறிமுகம் செய்யவில்லை. பக்கத்து மேசையும் அவனுக்குத் தூரமாகத் தெரிந்திருக்கலாம்.

சாப்பாடு வந்தது. அகன்ற வெள்ளித் தாம்பாளத்தில் சோறு வெள்ளைவெளேரென்று குவிந்திருந்தது. உச்சியில் குங்குமப்பூ மஞ்சள். சுற்றிலும் சுட்ட ஆட்டிறைச்சி. கூடவே, பாதி முட்டை ஓட்டில் வேகாத மஞ்சள் கரு.

வாப்பா சேக் தாவூது அதைக் குனிந்து பார்த்தார். “என்ன மாப்புள, முட்டைய அவிக்க மறந்துட்டானுவளா?”

கபீர் சிரித்துவிட்டான். “இல்ல மாமா. சூட்டோட சோத்துல போட்டுப் பெரட்டணும். இவங்க பழக்கம் அது.”

“கோழி பாத்தா கோவிச்சுக்கும்.”

ஹலீமாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், அவனோடு போய்விடலாம் என்று நினைத்தாள். போக முடியும் என்றே நினைத்தாள்.

வாப்பா தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூன்று பேருக்கும் வைத்திருந்த தட்டுகளை மேசை ஓரத்துக்குத் தள்ளினார். சட்டைக் கையை மடித்தார்.

“வாங்க மாப்புள. ஹலீமா, நீயும் கிட்ட வா. ஒரே சஹன்ல சாப்பிட்டுருவோம். பழைய பேச்சு இதோட முடிஞ்சுது.”

அவர்களுடைய விருந்துகளில் நாலு பேர் ஒரு பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதுதான் சஹன். சண்டை போட்டவர்களை ஒரே சஹனில் உட்கார வைத்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிச் சஹன். இன்று வாப்பா மகளையும் சேர்த்துக் கூப்பிட்டார்.

பிஸ்மி சொல்லி வாப்பா சோற்றில் கை வைத்தார். மேனேஜரின் மனைவி திரும்பிப் பார்த்தாள். ஏளனமாகப் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. வெறுமனே பார்த்தாள். கபீரின் முகம் கறுத்தது.

“மாமா,” என்றான் தாழ்ந்த குரலில். “இது பரிமாறுற தட்டு. ஸ்பூன்ல எடுத்து நம்ம தட்டுல போட்டுக்கணும்.”

“இருக்கட்டும் லா. கடைக்காரன் அடிச்சா நான் வாங்கிக்கிறேன்.”

கபீர் சிரிக்கவில்லை. தன் தட்டை அருகில் இழுத்து, வாப்பாவின் கை படாத பக்கமாகப் பார்த்து ஸ்பூனால் சோற்றை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

சஹனின் அர்த்தம் அவனுக்குத் தெரியாதது அல்ல. அவனுடைய வாப்பாவும் சிறிய வாப்பாவும் இப்படி ஒரு சஹனில்தான் சமாதானமானார்கள். அவனே அவளிடம் சொல்லியிருக்கிறான்.

வாப்பா இறைச்சியைப் பிய்த்து, வழக்கம்போல, மருமகன் பக்கம் நகர்த்தி வைத்தார். அது அங்கேயே கிடந்தது. அவர் இன்னொரு துண்டைப் பிய்த்தார். எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் சற்று நேரம் கையில் வைத்திருந்தார். ஹலீமா தன் கையைத் தாம்பாளத்தில் வைத்தாள். அந்தத் துண்டை அவள் பக்கம் வைத்தார். சோற்றில் வெண்ணெய் மணத்தது. அவளுக்கு ருசி தெரியவில்லை.

வெகுநேரம் கழித்து மேனேஜரும் மனைவியும் எழுந்தார்கள். கபீரும் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு அவர்களோடு ஆங்கிலத்தில் பேசிச் சிரித்தான். வாசல்வரை போய் வழியனுப்பினான். திரும்பி வந்து கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தவன், சட்டைக் கையை மடித்தான். தாம்பாளத்தில் கை வைத்து, ஆறிப்போயிருந்த அந்த இறைச்சித் துண்டை எடுத்து வாயில் போட்டான்.

“நல்லா இருக்கு மாமா.”

வாப்பாவின் முகம் மலர்ந்தது. “சாப்பிடுங்க, சாப்பிடுங்க,” என்று இன்னும் பிய்த்து வைத்தார்.

ஹலீமா கணவனின் விரல்களையே பார்த்தாள். கை வைக்காமலே இருந்திருந்தால், மறந்துவிட்டான் என்றோ, கையால் சாப்பிடும் பழக்கம் விட்டுப்போய்விட்டது என்றோ மனதைத் தேற்றிக்கொண்டிருப்பாள். இப்போது அவளுக்கு அந்த வழியும் இல்லை.

வெளியே வெயில் கொளுத்தியது. கபீர் காரை எடுத்துவரப் போனான்.

“அல்லாஹ் காப்பாத்துனான்,” என்றார் வாப்பா. “சந்தோஷமாப் போ புள்ள.”

“நான் போகல வாப்பா.”

“என்ன பேசுற? கைய வச்சான்ல? நீயும் பாத்தியே.”

“பாத்தேன். பக்கத்து மேசை காலியானதுக்கப்புறம் வச்சாங்க.”

வாப்பா கபீர் போன பக்கம் திரும்பிக்கொண்டார். அவரும் பார்த்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

“உத்தியோகக்காரன் புள்ள. பயம் இருக்கத்தான் செய்யும்.”

“பயப்பட்டா நான் பொறுத்துக்குவேன். அவங்க நம்மள நெனச்சு வெக்கப்பட்டாங்க வாப்பா.”

“ஒரு சோத்துத் தட்டுக்காக வாழ்க்கைய விடுவியா?” அவர் குரல் உயர்ந்தது. கோபம்தான். ஆனால் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கார் வந்தது. கபீர் இறங்கி அவளுக்காக முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். ஹலீமா பின்கதவைத் திறந்து வாப்பாவை உட்கார வைத்தாள். பிறகு தானும் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

“டன்லப் தெருவுல இறக்கி விட்டுருங்க,” என்றாள்.

“மாமாவையா?”

“ரெண்டு பேரையும்.”

முன்கதவை மூட கபீருக்கு வெகுநேரமாயிற்று.