இருநூற்றுப் பதினான்காம் பக்கம்

இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தின் நடுவில், வாசித்துக்கொண்டிருந்த ருமியானாவின் குரல் நின்றது. எதிரே வெலிச்கா தகர அடுப்பில் சுட்டெடுத்த குடைமிளகாய்களைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டுவரை கரி. அக்டோபர் பிறந்தால் லோம் நகரத்து முற்றங்கள் எல்லாவற்றிலும் இதே புகைதான். டான்யூப் நதி மேல் வரும் காற்றுக்கே அந்த வாடை ஏறிவிடும்.

"என்னடி, தொண்டை கட்டிக்கிச்சா?"

"புகைதான், அக்கா."

"இந்தப் பக்கமா வந்து உக்காரு. குரலைத் துண்டு துண்டா நறுக்கி, பொட்டலம் கட்டி அனுப்புறானுங்க. சரி. முன்னால போனது பின்னால வருமாம், நடுவுல ரெண்டு தொலைஞ்சும் போகுமாம். நம்ம தபால் ஆபீஸைப் பாத்துத்தான் கண்டுபிடிச்சிருப்பானுங்க. அப்புறம்?"

இருவருக்கும் ஊர்த் தொலைபேசி நிலையத்தில் வேலை. வெலிச்காவுக்கு இருபத்தொன்பது வருஷம், ருமியானாவுக்குப் பதினேழு. தாமிரக் கம்பிகளைப் பிடுங்கிவிட்டு இனி இணையத்தின் வழியாகவே குரலை அனுப்பப் போகிறார்கள். ஒரு கூடம் முழுக்க நின்ற இயந்திரங்களுக்குப் பதிலாக அலமாரி அளவில் ஒரே ஒரு பெட்டி. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் போதும். யார் அந்த ஆள் என்பதைத் திங்கட்கிழமைத் தேர்வு முடிவு செய்யும். படிப்பதற்குத் தலைமை அலுவலகம் அனுப்பியது ஒரே ஒரு தடிப் புத்தகம்.

வெலிச்காவுக்கு வசந்த காலத்திலிருந்தே கண்ணில் புரை. பொடி எழுத்துகள் தண்ணீரில் மிதக்கும் உமியைப் போல அலைந்தன. வெளியே தெரிந்தால் தேர்வுக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ருமியானாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அதனால்தான் இந்தப் பன்னிரண்டு நாள் மாலையும் ஒருத்தி வாசிக்க, ஒருத்தி கேட்டாள். முதல் நாள் அது உதவியாகத்தான் இருந்தது. நான்காம் நாள் ருமியானாவுக்கு ஒன்று உறைத்தது. வெலிச்கா ஒருமுறை கேட்டதை மறப்பதில்லை. அந்தக் காது ஊரறிந்த காது. ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, துறைமுகப் பக்கம் கம்பி நனைந்திருக்கிறதா, ரயில் பாலத்தடியில் எலி கடித்திருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். சொன்ன இடத்தில் தோண்டினால் பழுது இருக்கும். இப்போது புத்தகத்தையும் அதே காதால் விழுங்கிக்கொண்டிருந்தாள். ருமியானாவுக்குத் தோன்றாத கேள்விகள் அவளுக்குத் தோன்றின.

தோற்பவளுக்கு இந்த ஊரில் வேறு வேலை கிடையாது. இத்தாலிக்குப் போகும் பேருந்தில் ஏறி, முன்பின் தெரியாத ஒரு கிழவனைக் குளிப்பாட்டப் போக வேண்டியதுதான். ருமியானாவின் நாத்தனார் அப்படித்தான் போனாள். நான்கு வருஷமாயிற்று; அவளுடைய மகன் இப்போதெல்லாம் அவளைப் பற்றிக் கேட்பதே இல்லை.

குரல் நின்ற இடத்துப் பத்தியை ருமியானா மனதுக்குள் இரண்டு முறை படித்தாள். ஒருவர் பேசாமல் இருக்கும்போது அவருடைய முனையிலிருந்து எதுவுமே அனுப்பப்படுவதில்லை. முழு நிசப்தத்தைக் கேட்டு மனிதர்கள் பயந்துவிடக் கூடாது என்பதற்காக, கேட்பவரின் முனையிலுள்ள கருவி தானாகவே ஒரு மெல்லிய இரைச்சலை உண்டாக்குகிறது. ஆகவே இரைச்சலைக் கேட்டு இணைப்பு உயிரோடு இருப்பதாக முடிவு செய்யலாகாது.

அதை வாசிக்காமலே பக்கத்தைப் புரட்டினாள். காகிதம் எப்போதும் போலத்தான் சரசரத்தது.

அடுத்த பக்கத்தை வாசித்து முடித்தபோது வெலிச்கா கேட்டாள். "ருமி, இந்தப் புதுசுலயும் காதுல ஸ்ஸ்ஸுன்னு கேட்டா லைன் உயிரோட இருக்குன்னுதானே அர்த்தம்?"

ருமியானா பேசவில்லை. அடுப்பில் ஒரு மிளகாய் வெடித்துச் சாறு சீறியது. பேசாமலிருப்பது அவளுக்குப் பிறவியிலேயே வந்த குணம். அதனால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை என்றே இதுநாள்வரை நினைத்திருந்தாள்.

"அதானே பாத்தேன்," என்றாள் வெலிச்கா. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறவள் அவள். "எதை மாத்தினாலும் மூச்சை மாத்த முடியுமா? இந்தா, வாயைத் திற." பூண்டும் உப்பும் தடவிய மிளகாய்த் துண்டு ஒன்றை ஊட்டிவிட்டாள். ருமியானா மென்று விழுங்கினாள்.

திங்கட்கிழமை சோபியா நகரத் தலைமை அலுவலகத்திலிருந்து பொறியாளர் தினோவ் தேர்வு வைக்க வந்தார். வாய்மொழிக் கேள்விகளில் வெலிச்கா ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. தினோவின் புருவம் உயர்ந்தது. சுவரோரப் பெஞ்சில் காத்திருந்த ருமியானா தன் முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் ரிசீவரை வெலிச்காவிடம் நீட்டினார்.

"மறுமுனை பக்கத்து அறையில இருக்கு. லைன் எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

வெலிச்கா கண்ணை மூடிக்கொண்டாள். வெகுநேரம் கேட்டாள். முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. தன் வீட்டுக்குள் நுழைந்துவிட்டவளின் நிம்மதி.

"உயிரோட இருக்கு. அங்க யாரோ ரிசீவரை வெச்சுக்கிட்டுப் பேசாம நிக்கிறாங்க."

"நிச்சயமா?"

"முப்பது வருஷக் காது சார்."

"கூப்பிட்டுத்தான் பாருங்களேன்."

"ஹலோ," என்றாள் வெலிச்கா. கொஞ்சம் பொறுத்து, இன்னும் கனிவாக, "ஹலோ... பேசுங்க. கேக்குது."

தினோவ் எழுந்து பக்கத்து அறைக்குப் போய், எதிலும் சொருகாமல் தொங்கிய கம்பியைக் கொண்டுவந்து அவள் முன்னால் ஆட்டினார். "யார் கிட்டம்மா பேசிக்கிட்டிருக்கீங்க? செத்தவங்க கிட்டயா?" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். பிறகு பெஞ்சைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. ஏன் இரைச்சல் கேக்குது?"

ருமியானா எழுந்தாள். அந்தப் பத்தி அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. ஒரு சொல் பிசகாமல், வெலிச்காவின் முற்றத்தில் வாசிக்கும் அதே குரலில் சொன்னாள். சொல்லச் சொல்ல வெலிச்காவின் தலை மெல்ல அவள் பக்கம் திரும்பியது. கண்கள் அல்ல, காது. பாதியில் நிறுத்திவிட முடியாதா என்று ருமியானாவுக்கு இருந்தது. வாய் நிற்கவில்லை.

"அருமை. இது தெரிஞ்ச ஆள்தான் வேணும்," என்றார் தினோவ்.

வெலிச்கா இடத்தைத் தடவிப் பார்த்து ரிசீவரை வைத்தாள்.

"இன்னொரு தடவை சொல்லேன், ருமி," என்றாள்.

"அக்கா..."

"இல்ல, சொல்லு. ஒரு தடவை கேட்டா எனக்குப் போதும். இதைத்தான் நான் கேக்கவே இல்லையே."

தினோவ் ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்து, வேலையிலிருந்து விலகிக்கொள்ளச் சம்மதம் என்று வெலிச்கா கையெழுத்துப் போட வேண்டும் என்றார். வெலிச்கா பேனாவை வாங்கிக் குனிந்தாள். தாளுக்கு மேலே பேனா இங்கும் அங்கும் அலைந்தது. "கீழதாம்மா, கோடு தெரியலயா?" என்றார் அவர். அவள் நிமிரவில்லை. இடது கையை மட்டும் பெஞ்சின் பக்கமாக நீட்டினாள்.

"வா. எந்த இடம்னு காட்டு."

ருமியானா வந்து அந்தக் கையின் சுட்டுவிரலைப் பிடித்துக் கோட்டின் தொடக்கத்தில் வைத்தாள். வெலிச்கா முழுப் பெயரையும், தகப்பன் பெயரோடு, பள்ளிப் பிள்ளையைப் போல நிதானமாக எழுதினாள். எழுதி முடித்த பிறகும் விரலை இழுத்துக்கொள்ளவில்லை. தினோவ் தாளை உருவிக்கொண்டு போனார். வெறும் மேசை மேல் அந்த விரல் அப்படியே இருந்தது, அதன் மேல் ருமியானாவின் கை.