ஊமைச்சி சுனைத் தண்ணீர்

செவந்தி வாயை மூடினால் அன்றைக்கு மழை வரும் என்பார்கள். தூக்கத்திலும் பேசுகிறவள். அப்பேர்ப்பட்டவளுக்குத்தானா இந்தச் சோதனை வர வேண்டும்!

புருஷன் குழந்தைசாமிக்குக் கண்நோவு. பத்து நாளாக இமை இரண்டும் வீங்கி ஒட்டிக்கொண்டு, மனுஷன் குருடனாகக் கிடந்தான். யுத்தத்தால் பெட்ரோல் இல்லாமல் புதுக்கோட்டை பஸ் நின்றுபோய், மாட்டுவண்டிக்கு ஏகக் கிராக்கியாக இருந்த நேரம். அவன் ஓட்டும் வண்டி சும்மா கிடந்ததுகூட அவளுக்குப் பெரிதில்லை. பார்வையே போய்விடுமோ என்றுதான் பயந்தாள். தாய்ப்பால் விட்டாயிற்று, நந்தியாவட்டை வைத்தாயிற்று. மிச்சம் இருந்தது பாறையடி ஊமைச்சி சுனைதான்.

அந்தச் சுனைக்குச் சட்டம் உண்டு. நோயாளிக்குத் தெரியாமல் போக வேண்டும். தண்ணீரை மொண்டதிலிருந்து கண்ணில் ஊற்றுகிற வரைக்கும் ஒரு சொல் பேசக் கூடாது. பேசினால் அது வெறும் தண்ணீர். வழியில் நிற்கிறவர்கள் வாயைக் கிண்டலாம். சுனைத் தெய்வமான ஊமைச்சியே ஆள் உருவில் வந்து சோதிக்கிறாளாம். செவந்தி போகிறாள் என்றதும் ஊரே களையெடுப்பை விட்டுவிட்டு வரப்பில் வந்து நின்றது. விடுவார்களா?

"செவந்தி, ஒன் கோழி எங்க வீட்டுலதான் முட்டையிடுது" என்றாள் பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளை.

"அடி திருட்டுச் சிறுக்கி! அப்பவே நெனச்சேன்!"

போச்சு. கலயத்தைக் கவிழ்த்துவிட்டுச் சுனைக்குத் திரும்பினாள். இரண்டாம் தடவை வரப்பில் நின்ற பெரியவர் அய்யாக்கண்ணு, "ஒன் கொழம்பு வாயில வைக்க வெளங்கலேன்னு ஒம் புருசன் சொன்னான்" என்றார். அதற்கும் பதில் சொல்லித் தொலைத்தாள்.

மூன்றாம் தடவை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வந்தாள். யார் என்ன சொல்லியும் கண்ணீர்தான் வந்தது, சொல் வரவில்லை. "போதும், வழி விடுங்க. பாவம், அவ போகட்டும்" என்று சின்னப்பிள்ளையே கூட்டத்தை விலக்கினாள்.

உச்சிவெயிலில் வீட்டுக்குள் நுழைந்தாள். காலடி கேட்டுக் குழந்தைசாமி எழுந்து உட்கார்ந்தான்.

"யாரு? செவந்தியா?"

பதில் இல்லை. பதினெட்டு வருஷத்தில் அவள் சத்தமில்லாமல் அந்த வாசலைத் தாண்டியதே கிடையாது. சந்தேகமென்ன, திருடன்தான்! சாட்டைக்கம்பைத் தடவி எடுத்தான்.

"எவண்டா அவன்? கண்ணு தெரியாதவன் வீடுன்னு வந்தியா?"

முதல் அடி தோளில் விழுந்தது. கலயத்தை அணைத்துக்கொண்டு அடுத்த அடிக்கு முதுகைக் கொடுத்தாள். 'ஆத்தா' என்றுகூட முனகவில்லை. கிட்டே போய் அவன் நெற்றியைப் பிடித்துச் சாய்த்து, தண்ணீரைக் கண்ணில் ஊற்றிய பிறகுதான் முந்தானையை உருவினாள்.

"அட பாவி மனுசா! கட்டுன பொண்டாட்டியவா அடிக்கிறீங்க? கண்ணுதான் அவிஞ்சுச்சு, புத்தியுமா அவிஞ்சுச்சு?"

கம்பு கீழே விழுந்தது.

"பேசு செவந்தி, பேசு" என்றான், அழுதுகொண்டே. "பத்து நாளா ஒண்ணும் தெரியாமக் கெடந்தேன், பயமில்ல. காலையிலேருந்து ஒன் சத்தம் கேக்கல பாரு, குலை நடுங்கிப்போச்சுடி."

திட்டிக்கொண்டே அவள் ஈர முந்தானையால் இமையைத் துடைத்தாள். ஊறிப்போயிருந்த பீளை மெல்ல விட்டது. இடது கண் நூலளவு திறந்தது.

"ஏங்க, தெரியுதா? என்ன தெரியுது?"

குழந்தைசாமி கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"வாய் மட்டும் தெரியுது. ஓயாம ஆடுது. நீதான்."